வக்கீலம்மா வைக்கும் ஒத்திகை

வக்கீலம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டில் நின்று பேசித்தான் பழக்கம். சமரச மையத்தில் அந்தப் பழக்கம் உதவாது. அங்கே கட்சிக்காரர் பேச வேண்டும். வக்கீல் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். முதல் இரண்டு சமரசங்களை அவரே பேசிக் கெடுத்தார். அதன் பிறகுதான், முந்தின நாளே ஒத்திகை பார்க்கும் வழக்கம் வந்தது.

இந்த முறை கட்சிக்காரி ஒரு தையல்காரி. அவளுடைய அம்மா அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆறு மாதம் முன்பு வாசலில் நடந்த சண்டையிலிருந்து அண்ணன் அவளை உள்ளே விடுவதில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மனுவிலோ நாலு பக்கத்துக்கு அண்ணனைத் திட்டியிருந்தது.

"யார் எழுதினது இதை?"

"நீங்கதான் மேடம்."

"ம். அது கோர்ட்டுக்கு எழுதினது. நாளைக்கு வேண்டாம்." வக்கீலம்மா தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். "இப்ப நீ உன் அண்ணன், நான் நீ. எங்கம்மாவைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?"

தையல்காரி அண்ணனைப் போலவே தாடையைத் தூக்கிக்கொண்டாள். "வருவே, கட்டில் ஓரமா அரை மணி நேரம் அழுவே, போயிடுவே. அப்புறம் பெட்ஷீட் மாத்துறது உன் அண்ணிதானே?"

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள்.

"அம்மாவை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"தெரியாது."

"அப்ப நாளைக்கும் தெரியாதுன்னே சொல்லு."

"நான் தோத்துட்டு வரணுமா மேடம்?"

"இதென்ன கேரம் போர்டா? உனக்கு அம்மா வேணுமா, அண்ணன் மன்னிப்புக் கேட்கணுமா? ரெண்டும் ஒண்ணா கிடைக்காது."

அவள் மனுவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா."

மறுநாள் சமரசரின் அறையில் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணியும் வந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம், இடுப்பில் வலிக்குக் கட்டும் பட்டை பெல்ட்.

"இவ ஒரு வாயாவது ஊட்டியிருப்பாளா அம்மாவுக்கு?" என்றான் அண்ணன்.

வக்கீலம்மா எழுந்தேவிட்டார். மேஜையில் கையை ஊன்றி, "அது உண்மையல்ல" என்று ஆரம்பித்தும்விட்டார். தையல்காரி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க மேடம். நான் பேசறேன்."

சமரசர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊட்டலைதான்," என்றாள் தையல்காரி. "புரட்டிப் போடக்கூடத் தெரியாது எனக்கு. அண்ணி, நீங்க கத்துக் குடுங்க. ஞாயித்துக்கிழமை முழுக்க நான் பார்த்துக்கறேன். நீங்க கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க."

அண்ணன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"காலைல ஏழு மணிக்கு உடம்பு துடைக்கணும். லேட்டா வந்து காரணம் சொல்லக் கூடாது."

"ஆறரைக்கே வந்துடறேன் அண்ணி."

ஒப்பந்தம் ஆறு வரியில் முடிந்தது. அண்ணன் அதை இரண்டு முறை படித்தான்.

"வாசல்ல நடந்த சண்டையைப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

"எழுதணுமா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

அவன் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.