சுண்ணாம்பு தடவாத கலயம்

தேயிலைக் கம்பெனி ஏஜென்டுக்குத் தேயிலை விற்பது லேசு. வாங்கினவர் அன்போடு ஊற்றித் தருவதைக் குடிக்காமல் வீடு திரும்புவதுதான் பெரும்பாடு. பெட்டியும் கையுமாக ஊர் சுற்றும் அண்ணாச்சிமாரே, உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் ஊர் திருக்கொச்சி ராஜ்யத்தில் இருந்த நாட்கள். ஒருமுறை களியக்காவிளையில் குடிக்க உட்கார்ந்தவன், கண் விழித்தபோது இரண்டு நாள் போயிருந்தது. அந்த இரண்டு நாளில் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. இன்னொரு தடவை கள் மணத்தோடு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மை வீட்டுக்குப் போய்விடுவதாக என் மனைவி சரோஜம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வாசலில் நிறுத்தி, "ஊதுங்க" என்பாள்.

மார்த்தாண்டத்தில் மட்டிப்பழம்

பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், வியாபாரம் முடிந்த சந்தோஷத்தில் கள்ளுக்கடைக்கு இழுத்தார். வயிற்றுப்புண் என்று பொய் சொன்னேன். கை சும்மா இருந்தால் பயம். அதனால் அவர் கடை வாசலிலேயே சுக்குக்காப்பியும் சின்னச் சின்ன மட்டி வாழைப்பழமுமாக உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், கள்ளைவிட அது ருசியாகத்தான் இருந்தது. கடைக்காரர் தோலை எண்ணிப் பார்த்தார்.

"வயித்துல புண்ணுள்ள ஆளு எட்டுப் பழம் திம்பாரா வேய்?"

இனயம் போகிற வழியில்

காலையிலேயே நல்ல வெயில். பனையேறி ஒருவர் இரண்டு கலயங்களை இறக்கி வைத்து, "அக்கானி குடியும் சாரே" என்று சொல்லிவிட்டுப் ஊற்றிக் குடிக்கப் பட்டை பிடிக்க ஓலை எடுக்கப் போனார். சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறங்குவது அக்கானி என்கிற பதநீர், தடவாததில் கள். இது நம்மூர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். எனக்கிருந்த தாகத்தில் உள்ளே பார்க்காமல் ஒரு கலயத்தைத் தூக்கி வாயில் சாய்த்தேன்.

புளிப்பு. உடனே துப்பினேன். ஆனால் கை கலயத்தைக் கீழே வைக்கவில்லை. நாக்கு அடுத்த வாய்க்குக் காத்து நின்றது. என்னைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது. எப்படியோ கீழே வைத்துவிட்டு அழுதேன். பனையேறி பதறி ஓடிவந்தார்.

"அது நான் குடிக்கதுக்கு வச்சதாக்கும். ஒரு வாயி கள்ளு பட்டதுக்கா மனுசன் இப்பிடி அழுவான்?"

வீட்டு வாசலில்

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான். வெற்றிலை போடவும் பயம். மணத்தை மறைக்கக் குடித்தவன் செய்கிற முதல் வேலை அதுதானே! சாயங்காலம் வாசலில் சரோஜம் வாயைத் திறக்குமுன், "ஒரு வாய் பட்டுவிட்டது, துப்பிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஊதினேன். கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"ஒரு மணமும் இல்ல. சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவே செய்யாது. இனி ஊதாண்டாம், வந்து சொன்னா மதி, அது போதும்."

உண்மையைச் சொல்வதைவிட ஊதிக் காட்டுவது எத்தனை சுலபம் என்பது அடுத்த பயணத்துக்குப் பெட்டியைத் தூக்கியபோதுதான் எனக்கு உறைத்தது.