வெர்ல் ஜெப்சன் கட்டாமல் விட்ட படகு

எங்கள் ஊரில் முலாம்பழம் நன்றாக விளையும். அதைவிட நன்றாக விளைவது வெர்ல் ஜெப்சனின் பேச்சு. பாலைவனத்துக்குள் கிரீன் ஆற்றில் ஐந்து நாள் துடுப்புப் படகில் போக வருகிறவர்களை இருபத்தாறு வருஷமாகக் கூட்டிப்போன வழிகாட்டி அவர். சமையலும் இரண்டாவது படகும் என் பொறுப்பு. புறப்படும் துறையில் அவர் செய்யும் பிரசங்கத்தை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். ஆற்றில் பாதி சேறு, அதனால் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் குடிநீர் வேண்டும். நம் கழிவு பாலைவனத்தில் தங்கக்கூடாது, ஒரு பழைய பட்டாளத்து இரும்புப் பெட்டியில் நம்மோடு ஊர்வலம் வரவேண்டும். கரையேறியதும் படகைக் கட்டவேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் இருபது நிமிஷம். எங்கோ மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் காயும்போதே ஆறு ஏறும் என்று கயிற்றைத் தூக்கிப்பிடித்துச் சொல்வார்.

தன் படகை மட்டும் அவர் கட்டமாட்டார். மணலில் இரண்டடி இழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியை விரித்துவிடுவார்.

"எனக்கும் இந்த ஆத்துக்கும் ஒரு பேச்சு இருக்கு டார்லீன். அது எங்கிட்ட வாலாட்டாது," என்பார் என்னிடம்.

போன வருஷம் அடுப்புச் சாம்பலை மணலில் கொட்டியதற்காக ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தார். எழுதியவன் கேட் என்ற ஆற்று அதிகாரி, வெர்லின் சொந்த அக்கா மகன். இன்னொரு தப்பு ஏறினால் வழிகாட்டி அட்டை பறிபோகும். அட்டை போனால் வெர்லிடம் மிஞ்சுவது வாய் ஒன்றுதான்.

ஆகஸ்ட் பயணத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒரு பல் டாக்டர் தம்பதி, பிறகு மினசோட்டாவிலிருந்து இங்கிரிட் என்ற ஓய்வுபெற்ற தபால்காரி. அந்த அம்மாள் ஏரிகளில் துடுப்புப் போட்டே வளர்ந்தவர். டாக்டர் தம்பதிக்குத் தனிப் படகு; வெர்லின் படகில் அவரும் இரும்புப் பெட்டியும்; இங்கிரிட் என் படகில்தான் வந்தார். தினமும் சாயங்காலம் சத்தமில்லாமல் வெர்லின் படகையும் சேர்த்துக் கட்டிவிடுவார். நான்காம் நாள் வெர்ல் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, என் படகுல உங்களுக்கென்ன வேலை?"

"கட்டாம கிடந்துச்சு வெர்ல். நீங்கதானே இருபது நிமிஷம் சொன்னீங்க?"

"அது உங்களுக்குச் சொன்னது. ஏரியில துடுப்பு போட்டவங்களுக்கு ஆறு எங்க புரியப்போகுது!" முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைப் படகுக்குள் வீசினார்.

விடிந்தபோது வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆறு மட்டும் செக்கச்செவேலென்று எங்கள் அடுப்புவரை ஏறியிருந்தது. வெர்லின் படகைக் காணோம். இரும்புப் பெட்டியும் அதோடு போயிருந்தது, நான்கு நாள் சரக்கோடு.

டாக்டர் தயங்கித் தயங்கி வந்தார். "அப்ப காலையில... எப்படிங்க?"

இறுக்கி மூடக்கூடியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. "வெர்ல், உன் ஐஸ் பெட்டியக் குடுய்யா," என்றேன்.

"அதுல என் கோலா இருக்கு!"

"குடிச்சுத் தீரு."

ஆறு கோலாவையும் நின்றபடியே குடித்தார். பிறகு எங்கள் படகின் நடுவில், துடுப்பு இல்லாமல், அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மத்தியானம் அவர் சாப்பாடு வேண்டாமென்று தலையாட்டியதைப் பார்த்தபிறகு அந்தச் சந்தோஷம் வற்றிவிட்டது.

கரையேறும் துறையில் கேட் மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெர்லின் படகு, இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதற்குள் இரும்புப் பெட்டி, மூடி திறக்காமல் பத்திரமாக இருந்தது.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே உங்க படகு வந்துருச்சு. பெட்டி தப்பிச்சுது. ஆனா ஆளில்லாத படகுக்கு நான் எழுதியே ஆகணும். யாரு கட்டாம விட்டது? விருந்தாளின்னா ரெண்டு வார்த்தை கண்டிச்சு அனுப்பிடுவேன். வழிகாட்டின்னா..."

"நான்தான் தம்பி," என்றார் இங்கிரிட். "ஏரிப் பழக்கம். சரியாக் கட்டல."

மருமகனுக்கு உயிர் வந்தது. "நல்லதாப் போச்சு. மாமா, அந்தக் கயித்துப் பேச்சை இவங்களுக்கு இன்னொரு தடவை சொல்லிருங்க. இத்தோட முடிச்சுக்கலாம்."

வெர்ல் கயிற்றை எடுத்தார். வழக்கம்போலத் தூக்கிப் பிடித்தார். "கரையேறினதும் முதல் வேலையா..." அதற்குமேல் வரவில்லை. பேசித் தொலையேன்யா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இந்தம்மா கட்டினாங்க," என்றார். "அவுத்தது நான்."

கேட் வெகுநேரம் எழுதினான். எழுதி முடிக்கும்வரை மாமன் முகத்தைப் பார்க்கவில்லை.

வேன் ஓட்ட வழிகாட்டி அட்டை தேவையில்லை. இப்போது விருந்தாளிகளைப் புறப்படும் துறைக்குக் கொண்டுவிடுவது வெர்ல்தான். பிரசங்கமும் வேனுக்குள் வந்துவிட்டது. ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் இறங்கித் தப்பிக்க முடியாது. தண்ணீர், பெட்டி, கயிறு எல்லாம் பழைய வரிசைதான். முடிவில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது.

"நான் மட்டும் என் படகைக் கட்டினதில்ல. அதான் உங்களுக்கு வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

நல்ல தமாஷ் பேர்வழி என்று வேன் முழுக்கச் சிரிக்கும். வெர்ல் சிரிக்கமாட்டார்.