ஒரு சாண் இடம்

ஏழு மாதச் சம்பளம். அவ்வளவுதான் நான் அவளுக்குத் தரவேண்டியிருந்த கடன். கைமாற்றாக வாங்கியதில்லை, வட்டிக்கு வாங்கியதுமில்லை. அவள் சம்பளத்திலிருந்து நானாகப் பிடித்துக்கொண்டது. பதினான்கு மாதம், மாதத்துக்குப் பாதி. அதை நான் ரொம்ப காலம் கடன் என்றே நினைக்கவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டியவன். லாட்ஜில் வாளி தூக்கினேன், படுக்கை விரிப்பு துவைத்தேன். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு சலவை மெஷினை வாங்கி, மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டி ஓடவைத்தேன். இன்று மூன்று கடை, பதினாறு மெஷின். எவன் கையையும் நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஊரில் வெள்ளைச் சட்டை போட்டு நிமிர்ந்து நடப்பவர்களில் பாதிப் பேர் என் தயவில்தான் நடக்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் இது சாண் அக்காவின் கதை.

அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது எங்கள் இஸ்திரிக்காரர். மெஷினில் துணி போட்டதும், கையை உள்ளே விட்டு, துணிக்கு மேலே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து நிறுத்துவாள். ஒரு சாண் இடம் இருந்தால்தான் கதவை மூடுவாள். நாலு விரல்தான் இருக்கிறது என்றால் ஒரு துண்டாவது வெளியே வந்தாக வேண்டும்.

“ஏம்மா, இடத்தை வாடகைக்கா விடப்போறே?” என்பேன்.

“துணி புரளணும்ண்ணே. புரள இடமில்லாம அடைச்சா அழுக்கு எந்த வழியா வெளிய வரும்? நீங்க பஸ்ல நெருக்கிக்கிட்டு வந்தா வேர்வை போகுதா, சேருதா?”

கதவை மூடியபின் அதன் கண்ணாடியை விரல் முட்டியால் மூன்று தடவை தட்டுவாள். டக், டக், டக். கொக்கி சரியாக விழாவிட்டால் கண்ணாடி அதிரும், அதைத் தெரிந்துகொள்ளத்தான். வேறு ஒன்றும் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு. லாரி ஓட்டப் போன புருஷன் லாரியோடு எங்கோ தங்கிவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். என்னிடம் வந்தபோது ஒரு செருப்பின் வாரைக் கம்பியால் கட்டியிருந்தாள். ஒரு வாரத்தில் என் கடையில் துணி பிரிக்கும் மேஜை அவளுடையது ஆகிவிட்டது. ஐந்து குவியல் போடுவாள். வெள்ளை, வெளிர், அடர் நிறம், துண்டும் ஜீன்ஸும் சேர்ந்த கனத்த துணி. ஐந்தாவது ‘சந்தேகக் கேஸ்’. புதுத் துணி எது வந்தாலும் ஓரத்தை நனைத்து வெள்ளைக் கந்தலில் அழுத்திப் பார்ப்பாள். கந்தலில் சாயம் பிடித்தால் அது சந்தேகக் கேஸ், தனியாகத்தான் குளிக்கும். ஜிப்பை இழுத்து மூடுவாள். சாக்ஸை வலைப் பைக்குள் போடுவாள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் இரண்டு விரலை விட்டு, உள்பக்கத்தை நாக்கு மாதிரி வெளியே இழுத்துவிடுவாள். பிரித்து முடித்த மூட்டைச் சீட்டில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் இல்லாத மூட்டை மெஷினுக்குள் போகக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். முதலாளி நான்தான், ஆனாலும் சட்டம் அவளுடையது.

அந்த வருடம் மழை விடவே இல்லை. லாட்ஜ்காரர்கள் மொத்தமாக விரிப்புகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, சாயங்காலம் வேண்டும் என்றார்கள். அன்று மதியம் சாண் அக்கா சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் கைநாட்டு வைக்கப் போயிருந்தாள். வங்கிக்காரர் வீட்டு மூட்டை மேஜையில் கிடந்தது. சீட்டில் வட்டம் இல்லை. மூன்றாம் நம்பர் மெஷினில் ஏற்கெனவே விரிப்புகள் முக்கால்வாசி. தண்ணீரும் மின்சாரமும் எதற்கு இரண்டு தடவை என்று கணக்குப் போட்டேன். அந்த மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் நான் மேலே வந்தவன். மூட்டையை அவிழ்த்து அப்படியே உள்ளே கொட்டினேன். கதவு மூடவில்லை. முழங்காலால் நெட்டித் தள்ளி மூடினேன்.

மெஷின் முக்கி முனகியது. பிழிய ஆரம்பித்ததும் தரையில் ஒரு முழம் நடந்து சுவரில் மோதியது. அடித்துப் பிடித்து நிறுத்தினேன். துணி நனைந்த பாதி, காய்ந்த பாதியாக வந்தது. மறுபடி இரண்டாகப் பிரித்துப் போட்டேன். அக்கா வரும்போது எல்லாம் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வங்கிக்காரர் மனைவி வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. விரல் வீங்கியதால் அவர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாராம். கல் வைத்த மோதிரம். கொடியில் தொங்கிய சட்டையில் இல்லை. மெஷினுக்குள் கையை விட்டுத் துழாவினோம். இல்லை.

“பாக்கெட் பார்க்கிறது யாரு?” என்றாள்.

கடை மொத்தமும் சாண் அக்காவைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

“அந்த மூட்டையை நான் பிரிக்கலைண்ணே.”

எனக்கு அந்த நேரத்தில் தெரிந்தது ஒன்றுதான். வங்கிக்காரர் கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இரண்டாவது கடை. பிரிக்காமல் போட்டேன் என்று வாயைத் திறந்தால் கடையும் போச்சு, பெயரும் போச்சு.

“நீதாம்மா பிரிச்சே. நான் பார்த்தேன்” என்றேன்.

அவள் திரும்பிப் போய் ஈர விரிப்புகளைக் கொடியில் பரப்பினாள். கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், நான் தூங்கியிருப்பேன்.

மோதிரத்தின் விலையை நான் அன்றே கொடுத்தேன். ‘நாணயஸ்தன்’ என்று வங்கிக்காரர் முதுகில் தட்டினார். அதை அக்காவின் சம்பளத்தில் பாதி பாதியாகப் பிடித்தேன். அவள் வேலையை விட்டுப் போகவில்லை, போக இடமில்லை. வங்கிக்காரர் மனைவி வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தாள். பாக்கெட் பார்க்கிற வேலையை நான் வேறு பெண்ணுக்குக் கொடுத்தேன். அக்கா ஈரத்துணி தூக்கினாள். தினமும் வேலை முடிந்ததும் மேஜைக்கு வந்து, தன் பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். தூக்குப்பாத்திரம், சீப்பு, சில்லறை. பையின் உள்பக்கத்தை வெளியே இழுத்து உதறிக் காட்டுவாள். நான் கேட்டதில்லை. “வேண்டாம்மா” என்று ஒரு நாள் சொன்னேன். “இருக்கட்டும்ண்ணே” என்றாள். பதினான்கு மாதம் தினமும். கடைசித் தவணை பிடித்த அன்று பையைக் கவிழ்த்தாள், பையில் இருந்த சாக்பீஸ் துண்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மூன்றாம் நம்பர் தட்ட ஆரம்பித்தது.

டக், டக், டக். கொஞ்சம் சும்மா இருக்கும். மறுபடி டக், டக், டக். துணி அளவாக இருந்தால் சத்தமே வராது. கொஞ்சம் கூடப் போட்டுவிட்டால் போதும், உள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுவது மாதிரியே கேட்கும். இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டுச் சொல்வார்:

“முதலாளி, அக்கா கூப்பிடுறாங்க. ரெண்டு உருப்படியை எடுத்துடுங்க.”

“உமக்குக் காதுல கரி அடைச்சிருக்கு. வேலையைப் பாரும்.”

“எனக்குக் காது அடைச்சிருக்கட்டும். உங்களுக்கு ஏன் வேர்க்குது?”

நிறுத்தி, இரண்டு துணியை வெளியே எடுத்தால் தட்டல் நின்றுவிடும். என் கடையில் நானே பயந்து பயந்து துணி போட்டேன். ஒரு வருடம் போனபின் சோப்புத்தூள் வண்டிக்காரர் வந்து சொன்னார்: “உங்ககிட்ட துணி பிரிச்ச அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்களாம்.” அன்றிலிருந்து இஸ்திரிக்காரர் அந்த மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்கமாட்டார். மேஜையையே திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் மட்டும் என்ன! வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினால் சோறு இறங்காது. “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி?” என்பாள். “விக்கல்” என்பேன். இரண்டாவது கடை வந்தது, மூன்றாவது வந்தது. எல்லாக் கடையிலும் எனக்கு நாற்காலி உண்டு. எதில் உட்கார்ந்தாலும் காது மட்டும் மூன்றாம் நம்பரிடம் இருந்தது.

அப்படியே பதினொரு வருடம். மெஷின் தேய்ந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. கழித்துக்கட்டலாம் என்று மெக்கானிக்கை வரச்சொன்னேன். அவர் டிரம்மை வெளியே உருவி, அதைச் சுற்றியிருக்கும் தொட்டியின் அடியில் கையை விட்டார். சாம்பல் நிறத்தில் நூலும் சோப்புமாகக் கட்டிப்போன சேறு வந்தது. அதற்குள் ஒரு மோதிரம்.

“எப்படிய்யா அங்க போச்சு?” என்று கேட்டேன்.

“யாரோ கண்டபடி திணிச்சிருக்காங்க சார். துணி நெருக்கினா கதவோரம் இருக்கிற ரப்பர் மடங்கிடும். அந்த இடுக்குல சறுக்கி விழுந்திருக்கு. நாள்பட கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து இங்க ஒரு பள்ளத்துல போய் உட்கார்ந்துக்கிச்சு. பாரம் அளவா இருந்தா டிரம் இதைத் தொடாது. கூடப் போட்டா டிரம் தொய்ஞ்சு இதுல இடிக்கும். சத்தம் வந்திருக்குமே, நீங்க கேட்டதில்லை?”

“இல்லை” என்றேன்.

மோதிரத்தைக் கல்லாவின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினேன். ஆள் செத்துப்போயாச்சு, இனி யாருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எட்டு நாள் கழித்துப் புது மெஷின் வந்தது. பெட்டியைப் பிரித்து நானே துடைத்தேன். வெள்ளை விரிப்புகளைப் போட்டேன், கொஞ்சம் தாராளமாகவே. டிரம் சுற்றியது.

டக், டக், டக்.

இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். நான் நிறுத்தினேன். மெக்கானிக் வந்து முழுதாகக் கழற்றிப் பார்த்தார். ஒரு ஊசிகூட இல்லை. “புது மெஷின் சார், சத்தமே வர வழியில்லை” என்றார். பூட்டி ஓடவிட்டோம். அவர் காதில் ஒன்றும் விழவில்லையாம். எங்கள் இரண்டு பேருக்கும் விழுந்தது. கதவைத் திறந்து என் கையை விட்டுப் பார்த்தேன். துணிக்கு மேலே நாலு விரல் இடம்தான் இருந்தது.

அன்றே சோப்புத்தூள் வண்டிக்காரரைத் தேடிப் பிடித்தேன். அவள் எங்கே செத்தாள், பிள்ளைகள் எங்கே என்று விசாரிக்கச் சொன்னேன். மூன்று நாளில் தகவல் வந்தது. செத்தது அவள் இல்லை, அவளைப் போலவே இருக்கும், அவள் கூடப்பிறந்த மூத்தவள். சாண் அக்கா ஒரு மருத்துவமனையில் துணி துவைக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள்.

போனேன். நீராவிக்கு நடுவில் நின்றாள். முடி நரைத்திருந்தது. நோயாளிகளின் அங்கிகளை மெஷினில் போட்டு, கையை விட்டு, சாண் விரித்துப் பார்த்தாள். மூடினாள். கண்ணாடியை மூன்று தடவை தட்டினாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிற யாரையும் பார்த்து நான் அதுவரை அப்படிப் பயந்ததில்லை.

“வாங்கண்ணே” என்றாள், நேற்றுப் பார்த்தவள் மாதிரி. “இங்க உடுப்புக்குப் பாக்கெட் கிடையாது. அதனாலதான் இந்த வேலைக்கு வந்தேன்.”

மோதிரத்தை நீட்டினேன். எங்கே கிடந்தது என்று சொன்னேன். அவள் அதைத் தொடவில்லை.

“அன்னிக்கு மூட்டையைப் பிரிச்சது யாரு?”

“யாரும் பிரிக்கலை. நான்தான் அப்படியே திணிச்சேன்.”

“அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “என்கிட்ட ரகசியமா சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் அது எப்பவோ தெரியுமே. அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்களை உங்க கடைக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் வரேன்.”

வங்கிக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவியிடம் வாசலில் நின்றே சொன்னேன். இத்தனை வயதில், இத்தனை சொத்து வைத்துக்கொண்டு, ஒருத்தர் வாசலில் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை. அவள் மோதிரத்தை வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. “நான் எத்தனை வீட்டுல போய்ச் சொன்னேன்யா… அதுல பாதிப் பேர் இப்ப உயிரோடயே இல்லையே. யார்கிட்ட போய் மாத்திச் சொல்லுவேன்?” என்றாள். வியாழக்கிழமை கடைக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை சாண் அக்கா வந்தாள். மேஜையைச் சுற்றி இஸ்திரிக்காரர், துணி பிரிக்கும் பெண்கள், வங்கிக்காரர் மனைவி. எல்லார் முன்னாலும் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இஸ்திரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வங்கிக்காரர் மனைவி அக்காவின் கையைப் பிடிக்க வந்தாள். அக்கா கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

ஒரு கட்டாகப் பணம் எடுத்துவைத்திருந்தேன். தாராளமாகத்தான். நான் யாருக்கும் குறைத்துக் கொடுப்பவன் இல்லை. மொத்தமாக நீட்டினேன்.

“அடைக்காதீங்கண்ணே” என்றாள். “இப்ப இந்த மேஜையில பிரிக்கிறவங்களுக்கு மாசம் என்ன தர்றீங்க?”

சொன்னேன்.

“அதுல பாதி. பதினாலு தடவை. எண்ணி வைங்க.”

உள்ளங்கையை விரித்து மேஜைமேல் வைத்தாள். சோப்பில் வெந்து வெடித்த கை. ஒரு மாதத்துக்கு உரியதை எண்ணி வைத்தேன். எடுத்துப் பையில் போட்டாள். கையைத் திரும்ப விரித்தாள். இரண்டு. மூன்று. ஐந்தாவதில் என் விரல் தடுமாறி இரண்டு நோட்டு சேர்ந்து விழுந்தன. ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். கடையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பத்து. பதினொன்று. என் கையில் இன்னும் பாதிக் கட்டு இருந்தது. அதை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பதின்மூன்று.

கையை விரித்தாள். பதினாலாவது மாதத்தை ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.