பழுக்கும்வரை வாடக் கூடாது

கொட்டாரத்தில் தையல் கடை வைத்திருக்கும் செல்லக்கனிக்கு அந்தப் படத்தைக் காட்டியது ஜெனிலாதான். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் ஜெனிலா, லீவுக்கு வந்தபோது பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். போனில், வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு கையாலும் ஒரு தக்காளியை ஏந்திக்கொண்டு நின்றார்.

"தக்காளியா இது? நான் பூசணிக்கான்னுல்லா நெனச்சேன்," என்றாள் செல்லக்கனி.

அடுத்த லீவுக்கு வந்தபோது ஜெனிலா அதன் விதையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் வயலை ஒட்டிக் கிடந்த துண்டு நிலத்தில் அது ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. ஆனால் நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. பூவெல்லாம் உதிர்ந்தது. தப்பிப் பிடித்த ஒரே காயும் பழுக்கும் முன்னே வெடித்தது. பக்கத்திலேயே நாட்டுத் தக்காளி, எலுமிச்சை அளவுதான் என்றாலும், கொத்துக் கொத்தாய்க் காய்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று செல்லக்கனிக்குத் தோன்றியது.

யூடியூபில் பார்த்துப் படித்தாள். மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பிரித்து, உள்ளே கூம்பாக நிற்கும் மகரந்தப் பைகளை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு மற்றச் செடியின் மகரந்தத்தை நடுத்தண்டின் நுனியில் தொட்டு வைக்க வேண்டும். கொக்கி வைத்துப் பழகிய விரலுக்கு அது பெரிய பாடாக இல்லை. காத்திருப்பதுதான் பாடு. முதல் தலைமுறையில் எல்லாம் முட்டை அளவில் ஒன்றுபோலக் காய்த்தன.

"ஏட்டி, இதுக்கா இவ்வளவு கூத்து?" என்று கேட்டார் ஆட்டோ ஓட்டும் அவள் வீட்டுக்காரர் முருகதாஸ்.

அவற்றின் விதையைப் போட்டபோது, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு குணம் காட்டியது. பெருத்தது வெடித்தது, வெடிக்காதது சிறுத்தது. நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி வெளிநாட்டுச் செடியோடு சேர்த்தாள். இப்படியே வருஷங்கள் போய், போன மாசியில் ஒரு செடி அவள் நினைத்த மாதிரி வந்தது. வெயிலில் பூ உதிரவில்லை. காய் பெருத்துக்கொண்டே போனது. அது இன்னும் பெருக்கட்டும் என்று மற்றப் பிஞ்சுகளை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்துதான் பயம் பிடித்தது. விதை எடுக்க இருப்பது அந்த ஒரே காய். அணில் கடித்தால்? மழை பெய்து வெடித்தால்? பழைய பாவாடைத் துணியில் தொட்டில் கட்டி அதைத் தாங்கவைத்தாள், சுற்றி வலை கட்டினாள். கடையில் பிளவுஸின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் கேட்காமலே முருகதாஸ் காயைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். சொந்தக்காரர்கள் அவரவர் தோட்டத்து மண் ஒட்டிய செருப்போடு வந்து செடிகளுக்கு நடுவே நின்று செல்பி எடுத்தார்கள்.

"செருப்பு மண்ணுல நோய் வரும், யாரும் உள்ள எறங்காதீங்க!" என்று செல்லக்கனி ஒருநாள் கத்தியேவிட்டாள். முருகதாஸின் அக்கா முகம் கறுத்துப் போனாள்.

அந்த வாரமே, பெரிய காய் பிடித்த செடிக்கு அடுத்த வரிசையில் ஒரு செடி பச்சை மாறாமலே தலை தொங்கி நின்றது. முருகதாஸ் வாளியோடு வந்தார்.

"வெள்ளம் ஊத்தாதீங்க! மண்ணு ஈரமாத்தான் இருக்கு."

அந்தச் செடியின் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி முங்கப் பிடித்தாள். வாடல் நோய் என்றால் வெட்டிய இடத்திலிருந்து பால் இறங்கும். ஒன்றும் வரவில்லை. மூச்சு வந்தது. டம்ளரை வைக்கப்போன நேரத்தில் வெள்ளையாக ஒரு இழை புகைபோல் கீழே இறங்கியது.

செடியை மண்ணோடு பெயர்த்து எரித்தாள், சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் போட்டாள். ஆனாலும் இரண்டே நாளில் பெரிய காய் பிடித்த செடியின் நுனி இலைகள் மதிய வெயிலில் துவண்டன. சாயங்காலம் நிமிர்ந்தன. மறுநாள் நிமிரவில்லை.

காய் முக்கால் கிலோ இருக்கும், இன்னும் பச்சை. இப்போது பறித்தால் விதை முற்றியிருக்குமா? விட்டால் செடியோடு போய்விடுமா? அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாணய அளவுக்கு வெளுத்து, லேசாக ஒரு சிவப்பு. அது சிவப்பா, தன் ஆசையா என்று அவளுக்கே சந்தேகம்.

"நீங்க பாருங்க, செவந்திருக்கா?"

முருகதாஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "செவந்த மாதிரித்தான் இருக்கு. பறிச்சிருட்டி. நான் படம் போடாம இருந்திருக்கணும்."

பறித்து, பேப்பரில் சுற்றி, வைக்கோலில் வைத்தாள். அழுகுகிறதா என்று நாளெல்லாம் முகர்ந்தாள். பழுத்தது. அறுத்தபோது சதைதான் நிறைய, விதை கொஞ்சம். அதிலும் பாதி தண்ணீரில் பதராய் மிதந்தது. மூழ்கியதைக் காயவைத்தாள்.

இந்த வருஷம் அவை முளைத்தன. வாடல் நோய் தாக்காமலிருக்க, நாற்றுகளைச் சுண்டைச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டி, மொட்டைமாடியில் புது மண் நிரப்பிய சாக்குகளில் வளர்த்தாள். பெரும்பாலானவை நடுத்தரம். இரண்டு செடிகளில் மட்டும், வெடிக்காமல், அரைக் கிலோவைத் தாண்டிய பழங்கள்.

ஜெனிலா வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கூவினாள். "ஜெயிச்சிட்டீங்கக்கா! இனி எதுக்குப் பயம்?"

செல்லக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று அந்தப் பழங்களின் விதையில் ஜெனிலாவின் அம்மா நேசபாய்க்குக் கொஞ்சம், தோவாளையில் தங்கச்சிக்குக் கொஞ்சம், கோபித்துப்போன நாத்தனாருக்கும் கொஞ்சம் கொடுத்தாள். இப்போது தினமும் காலையில் கடையைத் திறந்ததும் மூன்று வீட்டுக்கும் போன் போடுகிறாள், முதலில் நாத்தனாருக்கு.

"மைனி, எல நிமிந்து நிக்கா? நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."