ரெண்டு நம்பர் கூட

என் மேசையில் ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கிறது. பில்கள் காற்றில் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். முனைக் கம்பி உருகி, வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டுப்போன பிளக். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் கண்ணெதிரே வைத்திருக்கிறேன்.

அத்தா காலமான பிறகு பாலக்கரை ஒர்க் ஷாப்பை நான்தான் நடத்துகிறேன். அண்ணன் துபாயில் இருந்தார். தன் பழைய காரைப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. ஒரு லீவில் வந்தபோது அந்த இன்ஜினைப் பிரித்து, டர்போ பூட்டி, செட்டிங் எல்லாம் செய்து கொடுத்தேன். பொம்பளை கட்டிய இன்ஜின் ஓடுமா என்று தெருவே வேடிக்கை பார்த்தது. ஓடிக் காட்டினால் தங்கள் வண்டிகளையும் தருவதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது போதும்.

பிளக் மட்டும்தான் பாக்கி. டர்போ பூட்டிய இன்ஜினுக்குள் சூடு அதிகம். அதைச் சட்டென்று வெளியே கடத்துகிற பிளக் வேண்டும். அதைத்தான் கோல்டு பிளக் என்போம். பழையது ஆறாம் நம்பர். "அதே கம்பெனியில எட்டு வாங்கிட்டு வாங்கண்ணே, ரெண்டு நம்பர் கூட" என்று சொல்லி அனுப்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அது இல்லையாம். வேறொரு கம்பெனியின் எட்டாம் நம்பரோடு வந்து நின்றார். அந்தக் கம்பெனிக்கு எல்லாம் தலைகீழ். நம்பர் ஏற ஏறச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

"இது வேணாம்ணே, பிஸ்டன் ஓட்டையாயிடும்" என்றேன்.

"ரெண்டு நம்பர் கூடத்தானே கேட்ட? சூட்டைப் பத்தியெல்லாம் அடுப்படியில போயிச் சொல்லும்மா" என்றார். கூட வந்த நண்பர்கள் சிரித்தார்கள். அவரே பூட்டிக்கொண்டு போனார்.

பந்தயத்தில் சில சுற்றுகள்கூடத் தாங்கவில்லை. பிஸ்டனில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். "தங்கச்சி செட்டிங் சரியில்ல, அதுகிட்ட குடுத்தது என் தப்பு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். உருகிய பிளக்கை நான் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? வண்டி தருவதாகச் சொன்னவர்கள் இந்தப் பக்கமே வரவில்லை. இன்றைக்கும் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கூடப்பிறந்தவர்தானே, விட்டுவிடு என்கிறார்கள். கூடப்பிறந்தவர் செய்ததால்தான் ஆறவில்லை.

இப்போது துபாயை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். புதிதாக ஒரு கார், அதிலும் டர்போ. நேற்று அதே நண்பர்களோடு வந்து, ஒன்றுமே நடக்காதது போல, "ஏம்மா, இதுக்கு எந்த பிளக் போடலாம்?" என்று கேட்டார்.

மேசைமேல் இருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது எந்தக் கம்பெனி, என்ன நம்பர்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்கண்ணே. அப்புறம் சொல்றேன்."

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். நான் என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன்.