காய்ச்சல் அட்டையின் வலது ஓரம்

இன்று மகன் கட்டத்தாளை நீட்டி, "இந்தக் கோடு எதுலேர்ந்து எது வரைக்கும் போகுதுப்பா? உயரத்தைப் பாக்காதீங்க, இடது முனையும் வலது முனையும் மட்டும் சொல்லுங்க" என்றபோது, காயாத சிவப்பு மையின் வாசனையில், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் இருந்து பிறகு இடிக்கப்பட்ட தகரக் கூரைக் காய்ச்சல் வார்டு எனக்கு நினைவில் வந்து நின்றது.

ஒட்டுநோய் என்று உள்ளே விடமாட்டார்கள். பள்ளி விட்டதும் ஜன்னல் கண்ணாடியில் நான் மூக்கை நசுக்கிக்கொண்டு நிற்க, ஃபினாயில் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆயா மேரியம்மா என் தங்கை ரோசியின் காய்ச்சல் அட்டையை உள்ளிருந்து தூக்கிக் காட்டுவாள். நாளுக்கொரு புள்ளியாக வைத்து இணைத்த சிவப்புக் கோடு ஏறினால் முகத்தைத் தொங்கப்போட்டும், இறங்கினால் ஓடிப்போயும் அம்மாவிடம் அறிவிப்பேன். ஒன்பது வயதில் அவ்வளவு பெரிய டாக்டர் நான்.

ஒன்பதாம் நாள் கோடு சரேலென்று, சாதாரண உடல் சூட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

"எறங்கிடுச்சு ஆயா! நாளைக்கு அனுப்பிடுவீங்களா?"

"வூட்டுக்குப் போ கண்ணு. அப்பாவ ஒடனே வரச் சொல்லு."

கோடு இறங்கியதை மட்டும் சொன்னேன், மற்றது மறந்துபோயிற்று. அம்மா ரோசியின் பாவாடையைத் துவைத்துப் போட்டாள். அது காய்வதற்குள் ரோசி போய்ச் சேர்ந்தாள். பதினான்கு நாளுக்கு அச்சடித்த அட்டையில் ஒன்பதுக்கு வலப்பக்கம் யாரும் புள்ளி வைக்கவில்லை.

"எது வரைக்கும்பா?"

"ஒம்போது."

"ஏழுப்பா! தாளைப் பாத்துச் சொல்லுங்க" என்று மகன் சிரித்தான். எனக்குக் கணக்கு வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.