காட்டெருமையின் முதுகு

பங்குனியில், ஆம்பூரில் நான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து முதுமலைக்கு வேன் பிடித்துப் போனோம். எங்கள் செக்‌ஷனுக்குத் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. இயற்கையை ரசிக்கப் போவதாகக் கூட வந்தவர்கள் வழியெல்லாம் பீற்றிக்கொண்டார்கள். அதற்கு ஏற்ற ஆள் நான் ஒருவன்தான் என்பது என் நினைப்பு.

வனத்துறை பஸ்ஸில் கைடு சட்டென்று உதட்டில் விரல் வைத்தார். புதுப்புல்லில் ஒரு காட்டெருமை நின்றது. கரிய உடம்பு, காலில் மட்டும் வெள்ளை. எல்லோரும் போனை நீட்டினோம்.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, தொடையெல்லாம் முள்ளு கீறல். மூணாம் தரம்தான்" என்றார்.

"உண்ணிக்கடி வேற ஜாஸ்தி. முதுகு மட்டும் தேறும்" என்றார் பின்சீட்டுக்காரர்.

எந்த மிருகத்துக்குப் பயப்படுவது என்று தெரியாமல் கைடு எங்களைப் பார்த்தார். காட்டெருமைக்கு அந்தக் குழப்பம் இல்லை, புதருக்குள் போய்விட்டது.

ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று ஊர் வந்து சேரும்வரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மனைவி என் போனை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முதுகு, தொடை, வயிறு எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

"மூஞ்சி எங்கங்க?" என்றாள்.